பூச்சிக்குப் பூச்சு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது ஒரு வரியில் முடிகிற சங்கதி இல்லை. கையால் செய்த ஃபோம் ஃப்ளைக்கு எந்தப் பூச்சு நல்லது என்று யாராவது கேட்டால், பூச்சு எதற்கு என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். தண்ணீர் உள்ளே இறங்காது, நீடித்து உழைக்கும், பளபளவென்று இருக்கும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். இதில் முதல் காரணம் ஃபோமுக்குப் பொருந்தவே பொருந்தாது. இரண்டாவது பாதிதான் உண்மை. மூன்றாவது மனிதக் கண்ணுக்கு; மீன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஃப்ளை என்பது தூண்டில் முள்ளின் மேல் இறகு, மயிர், ஃபோம் போன்றவற்றை நூலால் கட்டிச் செய்யும் பொய்ப் பூச்சி. அதற்கு எடை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. தடித்த தூண்டில் கயிற்றின் எடையைத்தான் வீசுகிறோம், ஃப்ளை அதன் பின்னால் போகிறது. மிதக்கும் ஃப்ளைகளில் ஒரு வகை பாப்பர். முகம் தட்டையாகவோ குழிவாகவோ இருக்கும். கயிற்றைச் சுண்டினால் நீர்மேல் ‘ப்ளக்’ என்று சத்தமிடும். அமெரிக்கக் குளங்களில் புளூகில், பாஸ் மீன்களை மேலே வரவழைக்க இதைத்தான் வீசுவார்கள்.

அந்த பாப்பரின் பூர்வீகத்தைப் பார்த்தால், பூசும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று விளங்கிவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்னஸி மாநிலத்துச் சட்டனூகாவில் எர்னஸ்ட் பெக்கின்பா என்பவர் தக்கையில் பாப்பர் செய்தார். அவர் பெயரில் அது வியாபாரமாகவும் வளர்ந்தது. தக்கையில் இயல்பாகவே குழிகள் உண்டு. பிறகு பலர் பயன்படுத்திய பால்சா மரமோ தண்ணீரைக் குடிக்கும். ஆகவே குழியை அடைத்து, தேய்த்து, அடிப்பூச்சு பூசி, எனாமல் அடித்து, அதன்மேல் வார்னிஷ் கொடுத்தார்கள். அன்றைக்கு அது அழகுக்காக மட்டும் செய்த வேலை இல்லை. பூசாத பால்சா ஊறிக் கனத்துவிடும். பின்னால் ஃபோம் வந்தது. உடல் மாறியது, சடங்கு மாறவில்லை.

கைவினைக் கடைகளில் 2 மி.மீ., 3 மி.மீ. தடிமனில் தாள் தாளாக விற்கும் ஃபோம் பெரும்பாலும் ஈவிஏ. ஓட்டக்காலணிகளின் மெத்தென்ற நடு அடுக்கும் அதே இனம்தான். பழைய செருப்பின் அடியை வெட்டி பாப்பர் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இதன் உள்ளே இருப்பவை மூடிய குமிழ்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக அடைபட்டிருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் போக வழியில்லை. கத்தியால் வெட்டிய முகத்தில் மட்டும் பாதிக் குமிழ்கள் திறந்து கிடக்கும். அவற்றில் கொஞ்சம் ஈரம் நிற்கும், அதோடு சரி. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு இப்படி இல்லை, அதன் குமிழ்கள் திறந்தவை. சந்தேகமாக இருந்தால் ஈவிஏ துண்டு ஒன்றைக் கல்லால் அமுக்கி இரவு முழுக்கத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். காலையில் கல்லை எடுத்ததும் மேலே வந்து நிற்கும்.

பாஸ்டனில் டாக்ஸி ஓட்டியபடியே ஃப்ளை கட்டிப் பேர் வாங்கிய ஜாக் கார்ட்சைடின் ‘கர்க்ளர்’, ஒரு ஃபோம் பட்டையை முன்னுக்கு மடக்கி உதடு வைத்தது. யூட்டாவின் கிரீன் ஆற்றில் பிறந்த ‘செர்னோபில் ஆன்ட்’, ஃபோம் உடலில் ரப்பர் கால்களைக் கட்டியது. இரண்டும் உலகம் சுற்றியவை. இரண்டுக்குமே மேல்பூச்சு கிடையாது.

அப்படியானால் ஃபோம் ஃப்ளையில் கெடுவது எது? நாம் அதன்மேல் ஏற்றியவைதான். மார்க்கரால் வரைந்த புள்ளிகள் அழியும். ஒட்டிய கண்கள் உதிரும். நூல் பிரியும். முள்ளின் தண்டைச் சுற்றி உடல் சுழலத் தொடங்கும். பல்லுள்ள மீனாக இருந்தால் ஃபோமே பிய்யும். பூச்சு இவற்றில் எதைக் காக்கப் போகிறது என்று முதலில் முடிவு செய்துகொண்டால், எதைப் பூசுவது என்ற கேள்வி சுருங்கிவிடும்.

எடையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மி.மீ. குறுக்களவும் 15 மி.மீ. நீளமும் உள்ள ஃபோம் உருளையின் கொள்ளளவு ஏறக்குறைய 1.2 கன செ.மீ. இந்த ஃபோம் கன செ.மீ.க்கு 0.1 முதல் 0.2 கிராம் என்று வைத்துக்கொண்டால், உடலின் எடை கால் கிராமைத் தாண்டாது. அதன்மேல் சுற்றிலும் அரை மி.மீ. தடிமனில், இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவைக்கும் எபாக்ஸியை ஏற்றினால், அந்த ஓடு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கிராமுக்கு மேல் வரும். உடலைவிடச் சட்டை கனம்! மூழ்காது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் நீரில் தாழ்ந்து உட்காரும், ‘தொப்’பென்று விழும், மெல்லிய கோலில் வீசும்போது மணிக்கட்டுக்கு வேலை வைக்கும்.

கனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. மெத்தென்ற உடலுக்கு மேல் விறைத்த ஓடு என்பது இட்லியின் மேல் அப்பளத்தை ஒட்டிவைத்த கதை. மீன் கடிக்கும்போதும், இடுக்கியால் முள்ளைக் கழற்றும்போதும் உள்ளே இருப்பது அமுங்கும், மேலே இருப்பது விரியும். ஒரு கீறல் விழுந்தால் போதும், ஓடு செதில் செதிலாகப் பெயர்ந்து, வரைந்த ஓவியத்தையும் கூடவே உரித்துக்கொண்டு போகும். ஃபோமின் முழு அருமையே அதன் மென்மைதான். மெத்தென்ற உடலை மீன் சற்றுக் கூடுதலாக வாயில் வைத்திருக்கும் என்பது ஃபோம் பிரியர்களின் பழைய வாதம். அந்த மென்மையைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, மேலே இன்னொரு காசு செலவழித்துக் கல்லாக்குவானேன்?

ஆகவே என் பங்குக்கு விதி ஒன்றுதான்: உடல் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு வளைகிற பூச்சைப் பூசுங்கள். தக்கை, பால்சா, அழுத்தினால் அமுங்காத கெட்டி ஃபோம் இவற்றுக்கு எபாக்ஸி தாராளமாகப் பூசலாம். மெத்தென்ற ஈவிஏவுக்கு நீரில் கரைத்த அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் வார்னிஷ். அது பால்போலப் பூசப்பட்டுக் கண்ணாடிபோலத் தெளியும். மெல்லியதாக இரண்டு மூன்று கை பூசினால் போதும். கரைப்பான் வாடை பெரிதாக இல்லை, ஃபோமை அரிக்காது, வளைத்தால் வளையும். குறை என்னவென்றால் அவசரக்காரர்களுக்கு ஆகாது. தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரம் வந்துவிடும், முழுதாக இறுக நாட்கள் ஆகும். அதற்குள் தண்ணீரில் போட்டால் வெளுத்துப் பிசுபிசுக்கும்.

வளையும் இன்னொரு வகை, ரப்பர்த் தன்மையுள்ள பசைகளை டொலுயீனில் நீர்க்கச் செய்தவை. ஓக்லஹோமாக்காரர் டேவ் விட்லாக்கின் பெயரோடு விற்ற ‘டேவ்ஸ் ஃப்ளெக்ஸமென்ட்’ ஃப்ளை கட்டுவோரிடையே பிரசித்தம். நன்றாக வளையும், நன்றாகப் பிடிக்கும். ஆனால் டொலுயீன் மூச்சுக்கு நல்லதல்ல, ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் தொட வேண்டும். ஈவிஏவைக்கூட அது சற்று உப்ப வைக்கும். தெர்மோகோலைத் தின்றே விடும்.

தெர்மோகோல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தெர்மோகோல் பாலிஸ்டைரீன். நெயில் பாலிஷ், தின்னர், ஸ்ப்ரே பெயின்ட் எதுவாக இருந்தாலும் அதில் உள்ள கரைப்பான் பட்ட இடத்தில் குழி விழும். எபாக்ஸியும் நீர்க்கரைசல் வார்னிஷும் அதை ஒன்றும் செய்யாது. கையில் இருப்பது எந்த ஃபோம் என்று தெரியவில்லையா? வெட்டி எறிந்த துணுக்கில் ஒரு சொட்டு விட்டு, டீ ஆறும்வரை காத்திருந்து பாருங்கள். கட்டி முடித்த ஃப்ளையில் சோதிக்க வேண்டாம்.

நெயில் பாலிஷை இகழ்கிறேன் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க ஃப்ளை மேசைகளில் சாலி ஹேன்சனின் ‘ஹார்டு ஆஸ் நெயில்ஸ்’ குப்பி நிரந்தரக் குடியிருப்பாளர். நூல் முடிச்சின் தலையில் ஒரு சொட்டு வைக்க அது போதும். முழு உடலுக்குத்தான் சரிவராது. காய்ந்த படலம் விறைப்பானது. அதன் கரைப்பான் மார்க்கர் மையையும் இழுத்துக்கொண்டு ஓடும். நம் ஊர் ஃபெவிக்விக் இனத்து சூப்பர் க்ளூவும் அப்படித்தான். தண்டின் மேல் ஃபோமைச் சுழலாமல் பிடித்துவைக்க அதைவிட நல்லது இல்லை. காற்றின் ஈரத்தில் இறுகுகிற பசை அது. மேலே தடவினால் சுற்றிலும் வெள்ளைப் படலம் பூத்து, ஃபோமும் விறைத்துப் போகும்.

இப்போது எல்லோருக்கும் பிடித்தது யூவி ரெசின். விளக்கை அடித்தால் நொடிகளில் இறுகும். காத்திருப்பு இல்லை, ஒழுகல் இல்லை. கண்களைப் பதிக்க இதைத்தான் நானும் சொல்வேன். ‘வளையும்’ என்று குறிப்பிட்டு விற்கும் வகை ஈவிஏவுக்கு ஓரளவு ஒத்துவரும். ஆனால் ஒளி போகாத இடத்தில் அது இறுகாது. கறுப்பு ஃபோமின் திறந்த குமிழுக்குள் இறங்கியது அப்படியே குழம்பாகக் கிடக்கும். மேல்பரப்பில் காற்றின் ஆக்ஸிஜன் இறுகலைத் தடுப்பதால் பிசுக்கு மிஞ்சும், ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போகும். தடிமனாக ஊற்றினால் சூடேறும். மெல்லியதாகப் பூசி, விளக்கடித்து, மறுபடி பூசுவதே முறை. விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது.

கெட்டி உடலுக்கு எபாக்ஸி என்று தீர்மானித்தவர்கள் ஐந்து நிமிட வகையைத் தவிர்த்துவிடுங்கள். அது அவசரமாக இறுகி, காற்றுக்குமிழைச் சிறைபிடித்து, வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். கோலில் வளையங்களைக் கட்டும் நூலின் மேல் பூசுகிற எபாக்ஸி மெதுவாக இறுகும், தெளிவாக நிற்கும், கொஞ்சம் வளையவும் செய்யும். இரண்டு பாகத்தையும் கண் மதிப்பில் கலக்காமல் அளந்து கலக்க வேண்டும். ஒரு பாகம் கூடினால் நாட்கணக்கானாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். இறுகும்வரை உடலை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால் அடியில் துளி தொங்காது. அதற்கென்று சிறிய மோட்டார் விற்கிறார்கள். மழைநாளில் மேலே எண்ணெய்ப் பிசுக்குப்போல ஒரு படலம் வந்தால் பயப்பட வேண்டாம், சோப்புத் தண்ணீரில் போய்விடும். கையுறை கட்டாயம், அதுவும் நைட்ரைல். எபாக்ஸியோ யூவி ரெசினோ தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்தபின் சொட்டு பட்டாலே அரிக்கும்.

பல்லுள்ள மீன்களிடம் என்ன செய்வது? அட்லாண்டிக் கரையின் புளூஃபிஷுக்கு எந்தப் பூச்சும் ஒரு பொருட்டில்லை. எபாக்ஸி ஃப்ளையான ‘சர்ஃப் கேண்டி’யால் புகழ்பெற்ற நியூஜெர்சிக்காரர் பாப் பாப்பவிக்ஸ், பாப்பருக்கு மட்டும் வேறு வழி போனார். அவருடைய ‘பேங்கர்’, மினுமினுக்கும் ஒட்டுத்தாளைச் சுற்றிய ஃபோம் உருளை. பிய்ந்தால் தலையை உருவிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். கவசத்தைத் தடிமனாக்குவதைவிட இது எவ்வளவோ புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. அவரே வேறு ஃப்ளைகளில் சிலிக்கோனும் பூசியிருக்கிறார். அது ரப்பர்போல வளையும்தான். ஆனால் அதன்மேல் வேறெந்தப் பெயின்ட்டும் பிடிக்காது என்பதால் எல்லாம் முடிந்தபின் கடைசியாகப் பூச வேண்டியது.

செய்முறையில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். வெட்டிய முகத்தில் முதலில் துளி மெல்லிய பூச்சைத் தேய்த்துத் திறந்த குமிழ்களை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து மேல்பூச்சில் கொப்புளம் போடும். ஹேர் டிரையர் காட்டுகிறவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். மார்க்கர் மை நன்றாகக் காயட்டும். முள்ளின் காதில் பூச்சு அடைத்திருந்தால், இறுகும் முன் ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். ஆற்றங்கரையில் இருட்டும் நேரத்தில் நரம்பை நுழைக்க முடியாமல் தவிப்பதைவிட இது சுலபம். ரப்பர் கால்களைப் பூச்சு முடிந்தபின்தான் கோக்க வேண்டும். கரைப்பான் பட்டால் அவை சுருண்டு ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் அடுக்குவதற்கு முன் மூக்கருகே வைத்துப் பாருங்கள். வாடை அடித்தால் இன்னும் சில நாள் வெளியிலேயே கிடக்கட்டும்.