கடலில் ஏன் கிலோமீட்டர் எடுபடவில்லை?

இந்தியாவில் மெட்ரிக் அளவுமுறைக்குச் சட்டம் வந்தது 1956இல். அதன்பின் துணிக்கடையில் கஜம் போய் மீட்டர் வந்தது. மளிகைக்கடையில் வீசையும் சேரும் போய்க் கிலோ வந்தது. சாலையோரக் கற்களில் மைல் அழிந்து கிலோமீட்டர் ஏறியது. ஆனால் கரையோடு அந்த மாற்றம் நின்றுவிட்டது. மெட்ரிக்குக்கு மாறி இருபது ஆண்டு கழித்து, 1976இல் நாடாளுமன்றம் இயற்றிய கடல் எல்லைச் சட்டம், நம் ஆட்சிக்கு உட்பட்ட கடல் 12 கடல் மைல், பொருளாதார மண்டலம் 200 கடல் மைல் என்றுதான் சொல்கிறது. தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கரையிலிருந்து இத்தனை கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பது விதி. கப்பலின் வேகம் இன்றும் நாட், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற கணக்கில்தான். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கத்தைக் கடல்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இதைச் சிலர் கேலி செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடலில் ஓர் இடத்தை எப்படிச் சொல்கிறோமோ அதே கணக்கில் தொலைவையும் சொல்ல உதவும் அளவு கடல் மைல் ஒன்றுதான். அது நீடிப்பதற்குப் பழம்பெருமையைவிட இந்தக் கணக்குப் பொருத்தமே காரணம்.

நம் கடலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் எல்லை வகுத்தன. கச்சத்தீவை ஒட்டிச் செல்லும், இன்றும் சர்ச்சை ஓயாத அதே எல்லைதான். ஒப்பந்தத்தில் கல்லும் இல்லை, கம்பமும் இல்லை. ஆறு புள்ளிகளின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டுமே உண்டு. ஐந்தாவது புள்ளி வடக்கே 9 டிகிரி 13 நிமிடம், கிழக்கே 79 டிகிரி 32 நிமிடம். ஆறாவது புள்ளி அதே தீர்க்கரேகையில், வடக்கே 9 டிகிரி 6 நிமிடம். இங்கே நிமிடம் என்பது டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு. கடிகாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரு புள்ளிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம்? பதின்மூன்றில் ஆறு போனால் ஏழு. ஏழு நிமிடம், ஆகவே ஏழு கடல் மைல். வேலை முடிந்தது. அட்சரேகையில் ஒரு நிமிடத்துக்குப் பூமியின் மேல் எவ்வளவு நீளமோ அதுவே கடல் மைல் என்று வைத்துக்கொண்டதால் கிடைத்த வசதி இது. இதையே கிலோமீட்டரில் கேட்டால் 1.852ஆல் பெருக்க வேண்டும். எட்டு நாட் வேகத்தில் நேர் வடக்கே மூன்று மணி நேரம் ஓடும் படகு 24 நிமிட அட்சரேகையைக் கடந்திருக்கும் என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். கப்பலின் மேசையில் விரித்த வரைபடத்திலும் தூரம் அளக்கத் தனி அளவுகோல் தேவைப்படுவதில்லை. கவராயத்தின் இரு முனைகளையும் இரண்டு இடங்களில் வைத்து, விரித்தது விரித்தபடி அதை ஓரத்திலுள்ள அட்சரேகைக் கட்டத்துக்கு நகர்த்தினால் எத்தனை நிமிடமோ அத்தனை மைல்.

தீர்க்கரேகை நிமிடத்துக்கு இது பொருந்தாதே என்று கேட்கலாம், சரியான கேள்விதான். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடுகின்றன. லண்டன் இருக்கும் அட்சரேகையில் அந்த நிமிடம் ஒரு கடல் மைலில் சுமார் 62 சதவீதம்தான். அதனால்தான் கவராயத்தை வரைபடத்தின் மேல், கீழ் ஓரங்களில் வைக்கக் கூடாது என்பதை மாலுமிகளுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு ஒரு சலுகை உண்டு. ராமேஸ்வரம் கடலில் அட்சரேகை நிமிடம் ஏறத்தாழ 1,843 மீட்டர், தீர்க்கரேகை நிமிடம் ஏறத்தாழ 1,831 மீட்டர். வித்தியாசம் பன்னிரண்டு மீட்டர்தான். கிழக்கே போனாலும் வடக்கே போனாலும் நிமிடத்தை மைலாக எண்ணிக்கொள்ள நம் மீனவருக்குத் தடையில்லை. ஐரோப்பிய மாலுமிக்கு இந்த வசதி வாய்க்கவில்லை.

வேகத்தின் கதை இன்னும் சுவையானது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய மாலுமிகள் கையில் ஒரு மரத்துண்டும் கயிறும் இருந்தன. பின்னாளில் அது திருந்திய வடிவம் பெற்றது: கால்வட்டமாக அறுத்த பலகை, அது நீரில் நிமிர்ந்து நிற்பதற்காக வளைந்த விளிம்பில் ஈயம், மூலைகளில் கட்டிய கயிறுகள் சேருமிடத்திலிருந்து ஒரு நீண்ட கயிறு, அந்தக் கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. பின்தளத்திலிருந்து பலகையைக் கடலில் போட்டால் அது ஏறக்குறைய போட்ட இடத்திலேயே நிற்கும். கப்பல் முன்னே போகும். உருளையிலிருந்து கயிறு ஓடும். ஒருவர் 28 விநாடி மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருப்பார். மணல் தீர்ந்த நொடியில் கயிற்றை நிறுத்தி, எத்தனை முடிச்சு கைவழியே போயின என்று பார்த்தால் அதுவே மணிக்கு எத்தனை கடல் மைல் என்பதற்கு விடை. நாட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முடிச்சு என்றே பொருள். ஒரு மணிக்கு 28 விநாடி என்ன விகிதமோ, ஒரு கடல் மைலுக்கு 47 அடி 3 அங்குலமும் அதே விகிதம்தான். கணக்கையெல்லாம் கயிற்றில் முடிந்துவைத்துவிட்டதால், எண்ணத் தெரிந்த எவரும் வேகத்தைச் சொல்ல முடிந்தது.

கயிறு சரியாக இருக்க மைல் சரியாக இருக்க வேண்டும். பழைய ஆங்கிலேய மாலுமிகள் ஒரு மைலுக்கு 5,000 அடி என்று வைத்து, 30 விநாடிக் கடிகாரத்துக்கு 42 அடியில் முடிச்சிட்டார்கள். ரிச்சர்ட் நார்வுட் என்ற கணித ஆசிரியர் 1633இல் லண்டனிலும் 1635இல் யார்க்கிலும் சூரியனின் உயரத்தை அளந்தார். இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட சாலையைச் சங்கிலி போட்டும், முடியாத இடத்தில் காலடி எண்ணியும் அளந்து, ஒரு டிகிரிக்கு 3,67,200 அடி, ஒரு நிமிடத்துக்கு 6,120 அடி என்று கண்டார். உண்மை அளவிலிருந்து அரை சதவீதத்துக்குச் சற்றே மேல் பிழை. காலடி எண்ணி அளந்தவருக்கு இது அபாரம். முடிச்சுகளைத் தள்ளிப் போடச் சொன்னார். ஆனால் மாலுமிகள் உடனே கேட்கவில்லை. அவர்கள் பிடிவாதத்திலும் ஒரு நியாயம் இருந்தது. குட்டை முடிச்சு வேகத்தைக் கூட்டிக் காட்டும். கரை இன்னும் தூரத்தில் இருக்கும்போதே நெருங்கிவிட்டதாக எண்ணி மாலுமி விழிப்பாக இருப்பான். பாறையில் மோதுவதைவிட அது மேல். ஆனால் அந்தப் பிழை வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் பாதுகாப்பு. கணக்கில் கடந்துவிட்டதாக எண்ணும் தீவு உண்மையில் முன்னே இருக்கும்போது அதுவே ஆபத்து.

இனி கிலோமீட்டருக்கு வருவோம். பூமியை அளந்து பிறந்தது, பத்தின் மடங்கில் அமைந்தது, அறிவியல் முறைப்படியானது. அதை ஏன் கடல் ஏற்கவில்லை? பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையான தூரத்தை ஒரு கோடியாகப் பிரித்து, ஒரு பங்கை மீட்டர் என்றார்கள். ஆகவே அந்தத் தூரம் 10,000 கிலோமீட்டர். அதோடு அவர்கள் நிற்கவில்லை. செங்கோணத்தை 90 டிகிரிக்குப் பதில் 100 பங்காகவும், ஒவ்வொரு பங்கையும் நூறு நிமிடமாகவும் பிரித்தார்கள். நூறை நூறால் பெருக்கினால் பத்தாயிரம் நிமிடம். ஒரு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர்! அதாவது கிலோமீட்டரே ஒரு கடல் மைல்தான், பத்தின்படி பிரித்த வட்டத்துக்கு உரியது. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் தம் வானியல் நூலில் இந்தக் கோணக் கணக்கையே பயன்படுத்தினார். ஆனால் உலகம் 360 டிகிரியை விடவில்லை. கோணம் அளக்கும் கருவிகளும் அட்டவணைகளும் வரைபடங்களும் பழைய கணக்கிலேயே நின்றன. 10,000 கிலோமீட்டரை 90 டிகிரி, அறுபது அறுபது நிமிடமாக, அதாவது 5,400 ஆகப் பிரித்தால் 1,851.85 மீட்டர் வருகிறது. கடல் மைல் அங்கிருந்து எழுந்து வருகிறது. கிலோமீட்டர் தோற்றதாகச் சொல்வது சரியல்ல. அதற்கு இணையாக வர வேண்டிய கோணம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பூமி சரியான உருண்டை இல்லையே, நிமிடம் எல்லா இடத்திலும் ஒன்றல்லவே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மை. பூமத்திய ரேகையில் ஒரு நிமிடம் சுமார் 1,843 மீட்டர், துருவத்தில் சுமார் 1,862 மீட்டர். இதனால் நாட்டுக்கொரு கடல் மைல் இருந்தது; பிரிட்டனுக்கு 6,080 அடி, அமெரிக்காவுக்கு அதைவிடச் சற்று அதிகம். 1929இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு மாநாடு 1,852 மீட்டர் என்று நிர்ணயித்தது. அமெரிக்கா 1954இலும் பிரிட்டன் 1970இலும்தான் அதற்கு வந்தன. இன்றைய கடல் மைல், ஆக, மீட்டரால் வரையறுக்கப்பட்ட ஓர் எண். பூமியின் நிமிடத்துடன் அது ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது. எல்லைத் தகராற்றைத் தீர்க்க அந்த ஒப்புமை போதாது, அதற்குக் கணினி வேண்டும். வழி பார்க்கவும் மோதல் தவிர்க்கவும் தாராளமாகப் போதும்.

ஜிபிஎஸ் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவரும் உண்டு. எல்லாவற்றையும் கருவியே கணக்கிட்டுத் தருகிறது என்பது சரி. ஆனால் அந்தக் கருவி இடத்தை டிகிரியாகவும் நிமிடமாகவும்தானே காட்டுகிறது? மீனவர் கையிலிருக்கும் கருவி நிமிடத்துக்குப் பின் மூன்று தசம இடம் காட்டினால், கடைசி இலக்கம் கடல் மைலில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1.85 மீட்டர். மின்சாரம் போனாலும், சிக்னல் கெட்டாலும் கையிலிருக்கும் கடைசி எண்ணிலிருந்து தொடர்ந்து கணக்குப் போடலாம். ஆற்றில் நிலைமை வேறு: ரைன் நதியில் கப்பல்கள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. கரையில் கிலோமீட்டர் பலகைகள் நட்டிருப்பதால் அங்கே அது இயல்பு. கரையில்லாத இடத்தில் பலகையின் வேலையை அட்சரேகை செய்கிறது.

கரையில் இருப்பவர்களுக்கு மட்டும் கிலோமீட்டர் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வானிலை மையம் புயல் காற்றை இரண்டு அளவிலும் சொல்வது சரியான நடைமுறை. மணிக்கு 62, 89, 118 கிலோமீட்டர் என்ற விசித்திர எல்லைகள் 34, 48, 64 நாட் என்ற அளவுகளிலிருந்து பிறந்தவை. செய்தி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: மீனவர் கைதான செய்தியில் வெறும் 'மைல்' என்று எழுதாதீர்கள். தரை மைல் 1,609 மீட்டர். கடல் மைல் 1,852 மீட்டர். 12 மைல் தூரத்தில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். படகு எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றதா, அந்தப் பக்கம் நின்றதா என்பதை மாற்றிவிட அது போதும்.