ராணியைத் துரத்திய குதிரை

வெறும் 16 நகர்த்தல்கள். 2013 நவம்பர் 9 அன்று, சென்னை ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் உலக செஸ் பட்டத்துக்கான முதல் ஆட்டம் அத்துடன் டிராவானது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இது போதாதுதான். ஆனால் அதிகம் சங்கடப்பட வேண்டியவர், வெள்ளைக் காய்களுடன் ஆடிய 22 வயது மாக்னஸ் கார்ல்சன்.

தொடக்கத்தில் பரபரப்பே இல்லை. குதிரையை நகர்த்தி, பிஷப்பை ஓரத்தில் நிறுத்தி, கோட்டை கட்டினார் கார்ல்சன். எதிராளி வீட்டில் தயாரித்து வந்த வரிசைகளில் சிக்காமல், நெடுநேரம் ஆடவைத்துக் களைப்படையச் செய்வது அவர் பாணி. சொந்த ஊரில் பட்டத்தைக் காக்க உட்கார்ந்திருந்த விஸ்வநாதன் ஆனந்தும் கிட்டத்தட்ட அதே அமைப்பைத்தான் எடுத்தார்.

11-வது நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் சி5-க்கு முன்னேற, அது காலி செய்த சி4-ல் பாய்ந்தது கறுப்புக் குதிரை. தாக்குதலுக்குள்ளான பிஷப், புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பியது. அடுத்து ராணி. அது பி3-க்கு வந்தால் குதிரை ஏ5-க்கு. ஏ3-க்கு ஒதுங்கினால் மறுபடி சி4-க்கு. வேறு வழி தேடினால் கறுப்புக்கே அனுகூலம் என்ற நிலை. கார்ல்சன் வம்பு செய்யவில்லை.

கறுப்பில் கிடைத்த அரைப் புள்ளி ஆனந்துக்கு லாபம். அடுத்த மூன்று ஆட்டங்களும் டிரா. ஐந்தாவதில் வென்றார் கார்ல்சன்; பட்டமும் 6.5-3.5 என்ற கணக்கில் கைமாறியது.