அனாட்டமியை ஆன்லைனில் படிக்கலாமா?

படிக்கலாம்மா, தாராளமாகப் படிக்கலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால், டீயைக் குடித்துக்கொண்டே நான் சொல்வதைக் கேள்.

அமெரிக்காவில் நர்சிங் சேருவதற்கு முன்பே சில பாடங்களை முடித்திருக்க வேண்டும். அனாட்டமி-பிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி, பல இடங்களில் கெமிஸ்ட்ரி. கூடவே புள்ளியியல், உளவியல், ஊட்டச்சத்து என்றும் கேட்பார்கள். இந்தக் கடைசி மூன்றையும் ஆன்லைனில் எடுத்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சிக்கல் லேப் உள்ள பாடங்களில்தான்.

2020-இல் கொரோனா வந்தபோது லேபெல்லாம் திரைக்குப் போயிற்று. அதுவரை ஆன்லைன் லேபை ஏற்காத நர்சிங் பள்ளிகள் பலவும் ஏற்றன. பிறகு சில அப்படியே தொடர்ந்தன, சில பழையபடி நேரில் செய்த லேப்தான் வேண்டும் என்றன. அதனால் தோழிக்குக் கிடைத்தது உனக்கும் கிடைக்கும் என்று நம்பிவிடாதே. நீ விண்ணப்பிக்கப்போகும் பள்ளிக்கு ஈமெயில் போடு. எந்தக் கல்லூரி, என்ன பாட எண், லேப் எப்படி நடக்கிறது என்று மூன்றையும் எழுதிக் கேள். போனில் சொல்வது போதாது, எழுத்தில் வந்த பதில் கையில் இருக்க வேண்டும்.

ஊரில் விலங்கியல் பட்டம் வாங்கியிருக்கிறாயே, அது செல்லுமா என்றும் அந்த ஈமெயிலிலேயே கேட்டுவிடு. அறிவியல் பாடங்களை ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் முடித்திருக்க வேண்டும் என்று பல பள்ளிகள் விதி வைத்திருக்கின்றன.

சில கல்லூரிகள் அனாட்டமி லேபுக்கு ஒரு பெட்டியை வீட்டுக்கே அனுப்பும். பதப்படுத்திய செம்மறியாட்டு இதயம், கத்தி, கையுறை எல்லாம் இருக்கும். வெட்டித் திறந்து பார்த்தால் இடது கீழறையின் சுவர் வலதைவிட எவ்வளவு தடிப்பு என்று விரலுக்கே தெரியும். வலது அறை பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்குத்தான் ரத்தத்தைத் தள்ளுகிறது; இடது அறை உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும். இப்படிப் பெட்டி தரும் பாடம் கிடைத்தால் தயங்காமல் எடு. மைக்ரோபயாலஜியை மட்டும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், மாலை வகுப்பானாலும் நேரில் படி. கிருமியை வீட்டில் வளர்ப்பது பாதுகாப்பில்லை என்பதால் ஆன்லைனில் அது பெரும்பாலும் சிமுலேஷனாகவே இருக்கும். கிராம் ஸ்டெயின் செய்யும்போது ஆல்கஹால் சற்று அதிக நேரம் பட்டால் ஊதாவாக இருக்க வேண்டிய பாக்டீரியா இளஞ்சிவப்பாகத் தெரியும், முடிவே மாறிவிடும். அந்தப் பக்குவம் கைக்கு வரவேண்டியது.

சுலபமான கோர்ஸ் எது என்று மட்டும் தேடாதே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. பிசியாலஜியில் ஒரு கணக்கு வரும். பொட்டாசியம் செல்லுக்குள் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிஈக்விவலென்ட், ரத்தத்தில் 3.5 முதல் 5 வரைதான். இந்த வித்தியாசம் சரியாக இருந்தால்தான் இதயத் துடிப்பு சீராக ஓடும். ரத்தத்தில் பொட்டாசியம் சட்டென்று ஏறினால் இதயம் நின்றுபோகலாம். அதனால்தான் பொட்டாசியம் குளோரைடை ஊசியில் எடுத்து நேராக ரத்தக்குழாயில் ஏற்றக் கூடாது. கரைத்து, பம்ப் வைத்து, மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். நாளை வார்டில் அவசரமான நேரத்தில், காரணம் தெரிந்த நர்ஸின் கை தானாகவே நிதானிக்கும்.

எட்டு வாரத்தில் முடியும் வகுப்பும் இருக்கிறது, பதினாறு வாரத்ததும் இருக்கிறது. வேலையும் குழந்தையும் வைத்துக்கொண்டு நீ பதினாறையே எடு, அதுவும் முதல் பாகம் மட்டும். சி கிரேடுக்குக் கீழே வந்தால் செல்லாது. திரும்ப எடுக்கும் வாய்ப்பையும் பல பள்ளிகள் எண்ணித்தான் தருகின்றன. தேர்வு வெப்கேம் கண்காணிப்பில் நடக்குமா என்று பதிவு செய்வதற்கு முன்பே பார்த்து வை. அந்த நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும், குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.