பவுன் காசும் டாலர் காசும்

அம்மா காலமான பிறகு, நானும் தங்கையுமாக அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பட்டுப் புடவை மடிப்புக்குள் ஒரு சுருக்குப் பை. அதில் இரண்டு காசுகள். ஒன்று சிறியது, மங்கல். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை வீரன், வருஷம் 1918. இன்னொன்று பெரியது, பளபளவென்று மஞ்சள் நிறம். குழந்தையை முதுகில் சுமந்த பெண்ணின் உருவம், வருஷம் 2000. அமெரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் அம்மாவை நமஸ்கரித்துக் கொடுத்த 'கோல்டன் டாலர்' அது.

சமையலறைத் தராசில் இரண்டும் எட்டு கிராம் காட்டின. காந்தமும் ஒட்டவில்லை. "சின்னவளாச்சே, பெரிசை நீ எடுத்துக்கோடி" என்று அவளிடம் கொடுத்தேன்.

சென்ற வருஷம் பிள்ளையின் காலேஜ் பீஸுக்காக அதை விற்கப் போனாள். "இது தங்கமே இல்லேம்மா" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். நேரே என்னிடம் வந்தவள், "தெரிஞ்சுதானே எனக்கு இதைக் கொடுத்தே?" என்றாள். சுருக்கென்று தைத்தது.

மறுநாள் இருவருமாக ஹால்மார்க் நிலையத்துக்குப் போனோம். கட்டணம் வாங்கிக்கொண்டு, கீறாமல் உரசாமல் இயந்திரத்திலேயே சோதித்துச் சொன்னார்கள்.

டாலர் காசில் நூற்றுக்கு 88.5 பங்கு செம்பு. மீதி துத்தநாகம், மாங்கனீஸ், நிக்கல். எடை 8.1 கிராம். மதிப்பு ஒரே ஒரு டாலர்! காந்தம் தங்கத்திலும் ஒட்டாது, இதிலும் ஒட்டாது.

சிறியதுதான் அசல் சவரன். நாம் 'சவரன்' என்று நகை எடை பேசுவதே இந்தக் காசை வைத்துத்தான். எடை 7.98 கிராம், 22 காரட். அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். தங்கம் கனமான உலோகம். அதனால்தான் எடை ஒன்றாக இருந்தும் காசு சின்னதாக இருக்கிறது: சவரன் அகலம் 22 மில்லிமீட்டர், டாலர் 26.5.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பழங்காசு இருந்தால் சில விஷயங்களை நினைவில் வையுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், வளையம் பற்றவைக்காதீர்கள். பழங்காசு சேகரிப்பவர்கள் தேய்த்ததைக் குறைத்துத்தான் கேட்பார்கள். 1918ஆம் வருஷக் காசில், வருஷத்துக்கு மேலே 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாயில் அச்சடித்தது. அதையும் காட்டி விலை கேளுங்கள். எப்படியும் எடையை அன்றைய 22 காரட் விலையால் பெருக்கி வரும் தொகையை முதலில் வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். முக்கியமாக, பங்கு பிரிக்கும் முன்பே சோதித்துவிடுங்கள்.

என் சவரனை விற்று ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டோம். பிள்ளைக்குப் பீஸ் கட்டியாயிற்று. அந்தச் செம்பு டாலர் இப்போது என் பூஜை அலமாரியில் இருக்கிறது. அம்மா பத்திரப்படுத்தியதாயிற்றே!