பூட்டிய நூலகமும் பூட்ட முடியாத ஆவணங்களும்

2020 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) தன்னுடைய இணையப் பக்கம் ஒன்றைத் திருத்தியது. கொரோனா கிருமி காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாக ஆறடியைத் தாண்டியும் பரவலாம் என்பதுதான் அந்தத் திருத்தம். திங்கட்கிழமை, 21ஆம் தேதி, அந்த வரிகளைக் காணோம். வரைவு ஒன்று தவறுதலாக வெளியாகிவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். அக்டோபர் 5ஆம் தேதி, காற்று வழிப் பரவலும் நடக்கலாம் என்று வேறு வார்த்தைகளில் அந்தப் பக்கம் மறுபடி மாறியது.

இப்போ ஒரு கேள்வி. அந்த மூன்று நாள் மட்டும் இருந்த வாசகத்தைப் பத்து வருஷம் கழித்து ஒரு ஆய்வாளர் தேடினால் எங்கே கிடைக்கும்? "அரசு அன்னைக்கு என்ன சொல்லுச்சு?" என்பதற்கு ஆதாரம் யாரிடம் இருக்கும்? இந்தக் கவலையையே தொழிலாக வைத்திருப்பவர்கள்தான் அரசு ஆவண நூலகர்கள்.

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் வெளியீடுகளை நாடெங்கும் சுமார் 1,100 நூலகங்களில் வைக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. அதற்குப் பெயர் 'வைப்பு நூலகத் திட்டம்'. அதன் வேர் 1813 வரை போகிறது. 1861இல் தொடங்கிய அரசு அச்சகம்தான் இன்று இதை நடத்துகிறது. நாடாளுமன்ற விவாதங்கள், சட்டங்கள், மக்கள்தொகைக் கணக்கு, துறை அறிக்கைகள் என்று எல்லாம் இதற்குள் வரும். பல்கலைக்கழகத்தில் படிப்பவரோ தெருவில் போகிறவரோ, யார் கேட்டாலும் இலவசமாகக் காட்டவேண்டும் என்பது சட்டம்.

இந்த நூலகர்களில் பலர் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் 1972இல் அரசு ஆவண வட்டமேசை என்று ஒரு குழுவை அமைத்தார்கள். சுருக்கமாக 'கோடார்ட்'. அவர்களுடைய இதழின் பெயர் 'மக்களுக்கு ஆவணங்கள்' என்ற பொருளில் வரும். நோக்கமும் அதேதான்.

2020 மார்ச்சில் நூலகங்கள் வரிசையாகக் கதவைச் சாத்தின. ஜூனில் சிகாகோவில் நடக்கவேண்டிய சங்கத்தின் ஆண்டு மாநாடு ரத்தானது. 1945க்குப் பிறகு அப்படி ஆனது அதுதான் முதல்முறை. சங்கத்தின் கூட்டங்கள் இணையத்துக்கு மாறின.

ஆனால் இந்தக் கூட்டத்துக்கு அது அவ்வளவு புதுசில்லை. காரணம் எளிமையானது. பெரும்பாலான நூலகங்களில் அரசு ஆவணங்களுக்கென்று இருப்பதே ஒரே ஒரு ஆள். அவருக்கும் வேறு நாலு வேலை இருக்கும். சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்க ஆள் கிடையாது, பக்கத்து மாநிலத்தில்தான் கேட்கவேண்டும். அதனால் தூரத்தில் இருந்துகொண்டே சேர்ந்து வேலை செய்வது இவர்களுக்குப் பழக்கம். வட கரோலினா நூலகச் சங்கத்தின் அரசுத் தகவல் பிரிவு, எதிர்பாராமல் இந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கென்றே இணைய வகுப்புகளைத் தொற்றுக்குப் பல வருஷம் முன்பே நடத்திக்கொண்டிருந்தது.

சரி, வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும்? நிறையவே இருந்தது.

ஒன்று, கணக்கெடுப்பு. 2020 ஏப்ரல் 1தான் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாள். கீழவையின் 435 இடங்களை மாநிலங்களுக்குப் பிரிப்பது இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். மார்ச்சில் களப்பணியை நிறுத்திவைத்தார்கள். வீட்டில் இணையம் இல்லாதவர்கள் நூலகக் கணினியில் படிவம் நிரப்பலாம் என்ற திட்டமும் கதவோடு சேர்ந்து மூடிக்கொண்டது. மக்களுக்கு வழி சொல்லும் வேலை போனுக்கும் இணையத்துக்கும் மாறியது.

இரண்டு, மின்பிரதிகள். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எழுதுவதற்கு அந்நாட்டில் காப்புரிமை கிடையாது. ஆக, ஸ்கேன் செய்த அரசு ஆவணத்தைத் திறந்து வைப்பதில் சட்டச் சிக்கல் குறைவு. ஹாத்திடிரஸ்ட் என்ற மின்நூலகக் கூட்டமைப்பில் இப்படி லட்சக்கணக்கான ஆவணங்கள் ஏற்கெனவே திறந்தே இருந்தன. மற்ற புத்தகங்களுக்கு 2020 மார்ச் 31 அன்று தனியாக ஒரு அவசர ஏற்பாடு செய்யவேண்டி வந்தது. முன்பே ஸ்கேன் செய்து வைத்தவர்களின் உழைப்பு பூட்டிய காலத்தில் பலன் தந்தது.

மூன்று, இணையப் பக்கங்களைச் சேமிப்பது. ஒவ்வொரு அதிபர் பதவிக்காலம் முடியும்போதும் அரசு இணையதளங்களைப் பிரதியெடுக்கும் முயற்சி 2008இலிருந்து நடக்கிறது. இன்டர்நெட் ஆர்கைவ், சில பல்கலைக்கழக நூலகங்கள் எல்லாம் அதில் பங்காளிகள். எந்தப் பக்கத்தைச் சேமிக்கவேண்டும் என்று யார் வேண்டுமானாலும் முகவரி கொடுக்கலாம். 2020 அதற்கான வருஷம். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். அச்சுக் காலத்தில் ஒரு அறிக்கை நூற்றுக்கணக்கான அலமாரிகளுக்குப் போய்விடும். அப்புறம் அரசே நினைத்தாலும் எல்லாப் பிரதியையும் திரும்பப் பிடுங்குவது கஷ்டம். இணையப் பக்கம் அப்படியில்லை. மூலம் ஒரே இடத்தில் இருக்கிறது, ஒருவர் அழித்தால் எல்லாருக்கும் அழிந்தது. யாராவது முன்கூட்டியே பிரதி எடுத்திருந்தால்தான் உண்டு.

அதனால்தான் இந்தக் குழு அந்த நேரத்தில் ஓயாமல் இருந்தது முக்கியம் என்று நினைக்கிறேன். அரசு தன் ஆலோசனையை மாற்றுவதில் தப்பே இல்லை. புதுக் கிருமி, புதுத் தகவல், மாற்றத்தான் வேண்டும். ஆனால் எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்பதைப் பிற்பாடு யாராவது சரிபார்க்க முடியவேண்டும். பழைய பக்கம் எங்கேயாவது பத்திரமாக இருந்தால்தான் அது நடக்கும்.