‘அம்மாவுக்குத் தெரிய வேணாம் டாக்டர்!’ - கெட்ட செய்தியைச் சொல்லப் பயிற்சி மருத்துவர்கள் கற்பது எப்படி?

பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்றுநோய். நோயாளி, மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் மீன் விற்கும் 55 வயதுப் பெண். வார்டு வாசலிலேயே மகன் வழிமறிக்கிறார்: “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். தாங்க மாட்டாங்க. அல்சர்னு சொல்லிடுங்க.” எதிரே நிற்பவர், படிப்பை முடித்துச் சில மாதங்களே ஆன ஹவுஸ் சர்ஜன்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், அரசு மருத்துவமனை வார்டில் ஒருநாள் நின்றவர்களுக்குக்கூட இது புதிதாக இருக்காது. மகன் சொல்வதைக் கேட்பதா, நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா?

விதி என்ன சொல்கிறது?

மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி, நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது. அதே விதி, நோயாளியோடு உறவினர்களையும் பொறுப்பான நண்பர்களையும் தகவல் அறிய வேண்டியவர்களாகக் குறிப்பிடுகிறது. அதாவது, குடும்பத்துக்கு இடம் உண்டு. பொய்க்கு இடம் இல்லை.

எச்ஐவி விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். 2017-ம் ஆண்டு எச்ஐவி சட்டப்படி, சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, நோயாளியின் சம்மதம் இல்லாமல் அந்தத் தகவலை வெளியே சொல்ல முடியாது. “நான் அவர் அண்ணன்தானே” என்பது செல்லாது.

ஆறு படிகள்

2019-ல் எம்பிபிஎஸ் சேர்ந்த பேட்ச் முதல், ‘ஏட்காம்’ என்ற பெயரில் மனப்பான்மை, அறநெறி, தகவல்தொடர்பு ஆகியவை பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. கெட்ட செய்தியைச் சொல்ல உலகம் முழுக்கக் கற்பிக்கப்படும் முறை ‘ஸ்பைக்ஸ்’. 2000-ல் ‘தி ஆன்காலஜிஸ்ட்’ இதழில் வெளியான இந்த முறைக்கு ஆறு படிகள்:

1. தனியாகப் பேச இடம் பார்த்து, உட்கார்ந்து பேசுவது.
2. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது.
3. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது.
4. எளிய சொற்களில், சிறிது சிறிதாகச் சொல்வது.
5. அழுகைக்கும் கோபத்துக்கும் நேரம் கொடுப்பது.
6. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி முடிப்பது.

மகன் வைத்த சிக்கலுக்கு விடை, இரண்டாவது, மூன்றாவது படிகளில் இருக்கிறது. சீனியர் மருத்துவரைக் கூட வைத்துக்கொண்டு, அந்த அம்மாவிடமே கேட்கலாம்: “ரிப்போர்ட் வந்திருக்குமா. உங்ககிட்ட சொல்லட்டுமா, பையனையும் கூப்பிட்டுக்கலாமா?” “எம் பையன்கிட்டயே பேசிக்கோப்பா” என்று அவர் சொன்னால் அது அவருடைய உரிமை. “எனக்கு அப்பவே சந்தேகம்தான், சொல்லு” என்றால் அதுவும் அவருடைய உரிமை. முடிவு எடுப்பவர் அவராக இருக்க வேண்டும்.

மேஸ்திரி மொழிபெயர்த்தால்?

1965-ல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது, கடற்கரைக் குப்பங்களும் ஜிஎஸ்டி சாலைத் தொழிற்சாலைகளும் இருளர் குடியிருப்புகளும் கலந்த மாவட்டத்தில். மீனவரிடம் பேசும் மொழி, பிஹாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவருக்கு உதவாது.

தமிழ் தெரியாத தொழிலாளியை மேஸ்திரி அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சளியில் காசநோய்க் கிருமி. மேஸ்திரியையே மொழிபெயர்க்கச் சொன்னால் வேலை சுலபம். ஆனால், ‘டிபி’ என்ற சொல் முதலாளி தரப்பின் காதில் விழுந்த மறுநிமிடம், தொழிலாளியின் வேலை போகலாம். வேலை போனால் ஊருக்குக் கிளம்புவார்; மாத்திரை பாதியில் நிற்கும். அதனால் இந்தி தெரிந்த நர்ஸையோ சக மருத்துவரையோ கூப்பிடுவது நல்லது. மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல் நோயாளியைப் பார்த்துப் பேச வேண்டும். கடைசியில், “நான் சொன்னதை உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க” என்று கேட்டால் புரிந்ததா என்பது தெரிந்துவிடும்.

இலை வைத்துக் கட்டியவர் முட்டாள் அல்ல

பாம்புக்கடியோடு வரும் இருளர் காலில் பச்சிலைக் கட்டு. “இதெல்லாம் ஏன் பண்றீங்க?” என்று அதட்டினால் பேச்சு அங்கேயே முடிந்தது. “என்ன பாம்பு, எப்போ கடிச்சது, என்ன வெச்சுக் கட்டினீங்க?” என்று கேட்டால் சிகிச்சைக்குத் தேவையான தகவல் கிடைக்கும். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்துதான் நம் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. இந்த மாவட்ட இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பாம்பைப் பற்றி ஹவுஸ் சர்ஜனைவிட நோயாளிக்கு அதிகம் தெரிந்திருக்கலாம்.

திருமணி சொல்லும் பாடம்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. தொழுநோய்க்குப் பேச்சுவழக்கில் உள்ள பெயர் வசைச்சொல்லாகவும் புழங்குவதால், எந்தச் சொல்லால் ஆரம்பிக்கிறோம் என்பதே பாதி சிகிச்சை. “கூட்டு மருந்து இருக்கு. இலவசம். ஆறு மாசமோ ஒரு வருஷமோ விடாம சாப்பிட்டா குணமாகிடும். மருந்து ஆரம்பிச்சதுமே மத்தவங்களுக்குப் பரவுறது நின்னுடும்” என்று சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால், நோயாளியின் மனதில் ஓடும் கேள்வி வேறாக இருக்கலாம்: “வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிடுவாரா?” தொழுநோயை விவாகரத்துக்கான காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் 2019-ல்தான் நீக்கப்பட்டன. மாத்திரை அளவோடு இந்தத் தகவலும் மருத்துவர் கையில் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

இந்தப் பேச்சில் நமக்கும் பங்கு உண்டு. நோயாளியாகப் போனால், “இதைத் தனியா பேசணும் டாக்டர்” என்று கேட்கலாம். யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். மகனாகவோ மகளாகவோ போனால், டாக்டரை வாசலில் மறிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: அம்மாவிடம் கேட்டீர்களா?