ஜன்னல் திறக்காத மாடி பஸ்

லண்டன் மாடி பஸ்ஸில் மேல்தளத்து முன்வரிசைக்குத்தான் எப்போதும் போட்டி. டிரைவரின் தலைக்கு மேலே உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டு போவதற்காகக் கோட்டு போட்ட பெரியவர்களும் படியேறுவார்கள். 2012 பிப்ரவரி இறுதியில் 38-ஆம் எண் தடத்தில் புதிய ரூட்மாஸ்டர் என்ற மாடி பஸ் ஓடத் தொடங்கியது. பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். ஏறி உட்கார்ந்தவர்கள் சொன்னது வேறு: மேலே புழுக்கம் தாங்கவில்லை.

பழைய ரூட்மாஸ்டர் 1956-ல் வந்தது. அலுமினிய உடல், எடை ஏழரை டன், 64 இருக்கைகள். பின்பக்கம் கதவே கிடையாது, திறந்த மேடைதான். சிக்னலில் நிற்கும்போது ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு மட்டும் அதில் இடமே இல்லை. 2005 டிசம்பரில் அது வழக்கமான தடங்களிலிருந்து விடைபெற்றபோது ஊரே வழியனுப்ப வந்தது. நடுவில் மடிப்பு வைத்த நீண்ட ஒற்றைத்தள பஸ்கள் அதற்குள் வந்திருந்தன. அவற்றைப் பலருக்கும் பிடிக்கவில்லை. அவற்றை ஒழித்துக்கட்டிப் புதிய ரூட்மாஸ்டர் கொண்டுவருவேன் என்று 2008 மேயர் தேர்தலில் வாக்குறுதி தந்து வென்றவர் போரிஸ் ஜான்சன். தாமஸ் ஹெதர்விக்கின் நிறுவனம் தோற்றத்தை வடிவமைத்தது. வட அயர்லாந்தின் ரைட்பஸ் கட்டித் தந்தது.

மூன்று கதவு, இரண்டு படிக்கட்டு. படிக்கட்டின் சரிவை ஒட்டியே கண்ணாடி வளைந்து செல்வதால், ஏறி இறங்குபவர்களை வெளியிலிருந்தே பார்க்கலாம். இந்தக் கண்ணாடிகளில்தான் வம்பு வந்தது. ஒன்றைக்கூடத் திறக்க முடியாதபடி செய்திருந்தார்கள். குளிர்ந்த காற்றை இயந்திரமே அனுப்பும், ஜன்னலைத் திறந்தால் அது வீணாகும் என்பது கணக்கு. ஆனால் வெயிலில் கண்ணாடி வழியாக வரும் சூடு, அறுபது பேரின் உடல் சூடு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று கதவு வழியாக உள்ளே நுழையும் வெளிக்காற்று எல்லாம் சேர்ந்தபோது இயந்திரம் தோற்றது. சூடான காற்று மேலேறும் என்பதால் மேல்தளத்தில்தான் அவதி அதிகம். ‘ரோஸ்ட்மாஸ்டர்’ என்று பத்திரிகைகள் கேலி செய்தன. கடைசியில் 2015-ல் போக்குவரத்து நிர்வாகம் இறங்கிவந்து, திறக்கும் ஜன்னல் பொருத்த முடிவெடுத்தது. அதற்குச் சுமார் 20 லட்சம் பவுண்டு செலவு. பயணிகள் முணுமுணுத்து வாங்கிய ஜன்னல் அது.

இன்னொரு விசித்திரம் கண்டக்டர். பழைய பாசத்துக்காகப் பின்மேடையைத் திறந்தே வைத்து, அங்கே ஓர் ஊழியரை நிறுத்தினார்கள். ஆனால் அவர் டிக்கெட் கொடுப்பதில்லை. பயணிகளே கார்டைத் தொட்டுக் கட்டணம் செலுத்திக்கொள்வார்கள். யாரும் தவறி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. இதற்கு ஏன் சம்பளம் என்ற கேள்வி எழாமலா இருக்கும்? 2016-ல் அந்த வேலை போனது, பின்கதவும் நிறுத்தங்களில் மட்டும் திறக்கும் சாதாரணக் கதவானது. மூன்று கதவிலும் ஏறலாம் என்ற வசதியாவது மிஞ்சியது. அவசரக்காரர்கள் அதை விரும்பினார்கள். டிரைவர் கண்ணில் படாமல் ஏறிக் கார்டைத் தொடாமல் நழுவுபவர்களும் விரும்பினார்கள். கட்டண ஏய்ப்பு மற்ற பஸ்களைவிட இரு மடங்கு என்று கண்டபின், 2020-லிருந்து முன்கதவில் மட்டுமே ஏற வேண்டும் என்று மாற்றத் தொடங்கினார்கள்.

உள்ளே இருக்கும் பொறி பாராட்ட வேண்டியதுதான். இதில் டீசல் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. ஜெனரேட்டரை ஓட்டி மின்சாரம் எடுக்கிறது; சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார். பிரேக் போடும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராகி, வீணாகும் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. நூறு அடிக்கு ஒரு தடவை நின்று கிளம்பும் நகர பஸ்ஸுக்கு இது அருமையான ஏற்பாடு. கிளம்பும்போது கியர் மாறும் உதறலும் இல்லை. ஆனால் பேட்டரி கெட்டால் எஞ்சின் ஓய்வின்றி ஓடியாக வேண்டும். 2015-ல் சில பஸ்களில் அப்படித்தான் ஆயிற்று.

இவ்வளவு உயரமான வண்டி வளைவில் கவிழாதா? மேல்தளத்தில் மட்டும் ஆட்களின் எடைக்கு ஈடான பாரம் ஏற்றி, 28 டிகிரி சாய்த்துப் பார்ப்பது பிரிட்டனில் மாடி பஸ்ஸுக்கான சோதனை. கவிழாமல் நின்றால்தான் அனுமதி. எஞ்சின், சக்கரம், அடிச்சட்டம் எல்லாம் கீழே இருப்பதால் எடையின் மையம் தாழ்ந்தே நிற்கிறது. மொத்த உயரத்தையும் 4.4 மீட்டருக்குள் அடக்கியிருக்கிறார்கள். அதனால் நெட்டையானவர்கள் மேல்தளத்தில் தலையைக் குனிந்தே நடக்க வேண்டும். இதுவும் பயணிகளின் குறைப் பட்டியலில் உண்டு.

பழையதைவிட மூன்று மீட்டர் நீளம் கூடியது, எடை 12 டன்னுக்கு ஏறியது. இருக்கைகளோ 62. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் போன இடத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது படிக்கட்டையும் மூன்றாவது கதவையும் அப்படிச் சொல்ல முடியவில்லை. என்னைக் கேட்டால், இது நடைபாதையில் நின்று பார்ப்பவருக்காகச் செய்த பஸ். 1,000 பஸ்களோடு வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள்.

லண்டன் போகிறவர்கள் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம்தான். கோடைகாலமானால் மேல்தளத்தில் ஜன்னல் திறந்திருக்கும் இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள்.